இரு சக்கர வண்டியை இரவல் கொடுத்தல்: ஒரு மீளாய்வு

பாயிரம்

பைக், ஸ்கூட்டர், மொபெட் ஆகியவற்றுள் ஒன்றைத் தம் பெயரில் பதிவு செய்து வைத்திருக்கும் ஒருவர், அதை உற்றார் உறவினர்க்கும் நண்பர்க்கும் இரவலாகக் கொடுக்கலாமா கூடாதா என்னும் வினா தமிழ்நாட்டின் திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் நெடுநாளாக அடிபட்டு வருவதாயினும், அதுபற்றி முறையான ஆய்வு இதுகாறும் எழவில்லை. ஆய்வு செய்யும் தகுதி வாய்ந்தோருள் பெரும்பாலோர் இரவல் வாங்கும் தரப்பினராகவே இருந்து வந்துள்ளமை இதற்குக் காரணம் எனக் கருத இடமுண்டு. கொடுத்த தரப்பினரோ அந்நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தமையால் எழுதுவதற்கு மேசை வாய்க்கப் பெறாதவர்கள்.

ஈண்டு 'வண்டி' என்பது எஞ்சினால் ஓடும் இரு சக்கர ஊர்தியை மட்டுமே குறிக்கும். 'இரவல்' என்பது திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கப்படுவது. இவ்வரையறையில் 'சொல்லி' என்பதே உயிர்நாடி. இதனைக் கடனோடு சேர்த்து எண்ணுவாரும் உளர், அது பொருந்தாது. என்னையெனின், கடனில் மதிப்புத் திரும்பும், கொடுத்த அதே நோட்டுத் திரும்பாது. இரவலில் கொடுத்த அதே வண்டி திரும்பும், மதிப்புத் திரும்பாது.

மிதிவண்டி: இதை இக்காலத்தில் எவரும் கேட்பதில்லை.

கேம்பர் வேன்: அடுப்பும் படுக்கையும் பொருத்திய இவ்வகை வண்டியை உறவினருக்குக் கொடுப்பதா என மேலைநாட்டார் கவலையுறுவது உண்மையேயாயினும், தமிழ்நாட்டில் அது கேரவன் என்னும் பெயரில் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்பதாலும், அதன் சாவியைக் கேட்டு விடிகாலையில் கதவைத் தட்டிய மைத்துனர் எவரும் அறியப்படாமையாலும், இவ்வாய்வின் எல்லைக்குள் அது வாராது.

தோற்றம்

வண்டிக்கொடையின் முதற்சான்றாகப் பறம்புமலைத் தலைவன் பாரி முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்த செய்தியைக் காட்டுவது வழக்கம். அது கொடையா இரவலா என்பதில்தான் சிக்கல். கொடியால் தேரைத் திருப்பிக் கொண்டுவந்து விட இயலாதாகலின் அது கொடையே என்பது ஒரு சாரார் கொள்கை. அற்றன்று, திருப்பிக் கொண்டுவந்து விட இயலாமை கொடிகளுக்கு மட்டும் உரிய இயல்பு அன்று என்பதைப் பிற்கால வழக்கு காட்டும். கொடி வாய்திறந்து கேட்கவில்லை, ஆகவே இரவல் ஆகாது என்பது மற்றொரு சாரார் கொள்கை. அதுவும் நிரம்பாது, கேளாமலே எடுத்துச் செல்லப்படும் வண்டியையும் உலகத்தார் இரவல் என்றே வழங்குகின்றனர். பாரி அன்று அரண்மனைக்கு எப்படித் திரும்பினான் என்ற அடிப்படை வினாவை இரு சாராரும் எழுப்பவில்லை. இதற்கெனத் தனியே மூன்று நாள் பன்னாட்டுக் கருத்தரங்கம் கூட்டப்படுமாயின், மலர்க் கட்டணம் செலுத்திக் கட்டுரை வழங்க ஆள் கிடைக்கும். விடை கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது.

சிறுபாணாற்றுப்படை கூறும் வள்ளல் எழுவருள் காரியும் ஈண்டு நினைக்கத்தக்கவன். அவன் குதிரையைக் கொடுத்ததோடு இன்சொல்லும் சேர்த்துக் கொடுத்தான். இக்காலத்து உரிமையாளர் சாவியை நீட்டும்போது முகத்தைச் சுளிக்காமல் சொல்லும் "பாத்து ஓட்டுங்க" என்னும் தொடர் அவ்வின்சொல்லின் எச்சம் என்க. பேகன் மயிலுக்குக் கொடுத்தது போர்வையாகலின் விலக்கப்பட்டது.

கேட்கும் முறை

ஒருவரிடம் ஒரு பொருளைக் கேட்குமிடத்து, கேட்போன் கொடுப்போனினும் தாழ்ந்தவனாயின் 'ஈ' என்றும், ஒத்தவனாயின் 'தா' என்றும், உயர்ந்தவனாயின் 'கொடு' என்றும் சொல்ல வேண்டும் எனத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்து எச்சவியல் விதிக்கிறது. இவ்விதியை இன்றைய வழக்கோடு பொருத்திப் பார்க்குமிடத்து வியப்பான முடிவு ஒன்று கிடைக்கிறது. "மாமா, வண்டியக் குடுங்க" என மனைவியின் தம்பியும், "மாப்ள, வண்டியக் குடு" எனப் பள்ளித் தோழனும், "வண்டியக் குடுப்பா" என எதிர்வீட்டுப் பெரியவரும் ஒருபடித்தாகக் 'கொடு' என்றே கேட்பதால், இலக்கணப்படி இரவல் கேட்போர் அனைவரும் உரிமையாளரினும் உயர்ந்தவர்களே ஆவர். உரிமையாளர் பணிந்து நிற்பது குணத்தால் அமைந்தது அன்று, இலக்கணத்தால் அமைந்தது என்பது இதனாற் பெறப்படும்.

உயர்ந்தோன் தன்னையே பிறன்போல வைத்துக் கேட்கும் முறையும் உண்டு என அவ்வியலின் அடுத்த நூற்பா இடம் தருகிறது. "தம்பிக்கு ஒரு வண்டி வேணுமாம்" என்று ஒருவர் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டுத் தாமே ஏறிச் செல்வது இந்நூற்பாவின் வழிப்பட்டது. எனினும் தொல்காப்பியரும் எண்ணிப் பாராத நான்காவது வகை ஒன்று பிற்காலத்தே தோன்றியுள்ளது. அதில் ஈ, தா, கொடு என்னும் வினைச்சொல் எதுவும் இராது; "சாவி எங்க?" என்பதே முழுத் தொடர். சேனாவரையர் முதலாய உரையாசிரியர் எவரும் இதற்கு உரை கண்டிலர், அவர் காலத்துத் தேருக்குச் சாவி இன்மையின்.

கேட்போர் வகை

நண்பர்: கேட்டவுடன் கொடுக்கப்படும், திரும்பியவுடன் நட்பு சற்றே மாறியிருக்கும். அண்டை வீட்டார்: மறுப்பவர் குழாயடியில் அதன் விளைவை அறிவார். மாமனார்: இவர் கேட்பதில்லை, மகள் கேட்பாள்.

பதினெட்டு வயது நிரம்பாத சித்தப்பா மகன் தனி வகை. இவன் "தெருமுனை வரைக்கும்தான் அண்ணா" என்று கேட்பவன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஓட்டுநர் உரிமம் இல்லாதவரைத் தம் வண்டியை ஓட்ட விடக்கூடாது என உரிமையாளரைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 199அ பிரிவோ, சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க வகை செய்வதோடு, வண்டியின் பதிவையும் பன்னிரண்டு மாதங்களுக்கு நீக்குகிறது. அச்சட்டம் முழுவதையும் துருவிப் பார்த்தாலும் தெருமுனைக்கு விலக்கு அளிக்கும் பிரிவு ஒன்றும் காணப்படவில்லை. சித்தி இதை ஏற்பதில்லை.

மைத்துனர், அஃதாவது மனைவியுடன் பிறந்தார், இத்துறையின் முதன்மை ஆளுமை. இரவல் வாங்கிய பைக்கை ஓட்டிச் சென்று விபத்தில் இறந்த ஒருவரின் வாரிசுகள் இழப்பீடு கோரிய வழக்கில், இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்துக்கே வந்துவிடுகிறார், ஆகவே மோட்டார் வாகனச் சட்டத்தின் அன்றைய 163அ பிரிவின்கீழ் அவர் தரப்பில் இழப்பீடு கேட்க இயலாது என 2009ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரவல் கொடுக்க எண்ணுவோர் யாவரும் இதை அறிந்திருத்தல் நலம். ஏனெனில் உரிமையாளர் தம் பெயரில் கட்டிய தனிநபர் விபத்துக் காப்பீடு அவர் ஓட்டும்போது அவருக்கு உரியதேயன்றி, அவரிடம் வாங்கி ஓட்டுபவருக்கு உரியது அன்று. ஆயினும் வரலாற்று நோக்கில் ஒன்றைச் சுட்டாமல் இருக்க இயலாது. வாங்கிச் சென்றவர் உரிமையாளரே ஆகிவிடுகிறார் என்னும் இக்கொள்கையை உச்ச நீதிமன்றம் கண்டது 2009இல். மைத்துனர்கள் அதனை எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கண்டு, அதன்படி ஒழுகியும் வந்துள்ளனர்.

முனைவர் பட்ட ஆய்வாளரிடமிருந்து அவருடைய ஆய்வு நெறியாளர் வாங்கிச் செல்வது இரவல் ஆகாது. அது பட்டம் கிடைக்கும் நாள்வரை கல்லூரி வளாகத்துக்கும் நெறியாளர் வீட்டுக்கும் இடையே நிகழும் ஒரு தொடர்வினை. அதன் இறுதியில் வண்டி திரும்புவதும், கட்டுரையில் முதற்பெயராக நெறியாளர் பெயர் அமைவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடைபெறும்.

வண்டியின் வகை பற்றிய குறிப்பு

ஓசூரில் இயங்கும் நிறுவனத்தால் 1980இல் அறிமுகம் செய்யப்பட்ட டிவிஎஸ் 50 என்னும் மொபெட்டும் அதன் வழித்தோன்றல்களும் கியர் இன்மையால் யாராலும் ஓட்டத்தக்கவை. ஆதலால் யாராலும் கேட்கத்தக்கவை. திரும்பி வரும்போது கால்வைக்கும் இடத்தில் அரிசித் தவிடோ, தண்ணீர்க் கேனின் வட்டத் தடமோ, சிலிண்டர் உரசிய கோடோ இருக்கும். அதைக் கொண்டு வண்டி எங்கெங்குச் சென்றது என்பதை ஓரளவு மீட்டுருவாக்கலாம். இதற்கு மறுதலையாக, திருவொற்றியூரில் செய்யப்பட்ட பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் அமைந்திருந்தன. மற்ற வண்டிகளில் பழகியவர் அதில் ஏறி பிரேக் என நினைத்து மிதிக்குமிடத்து கியர் மாறும். தெருவின் முதல் திருப்பத்திலேயே இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு வந்து திருப்பிக் கொடுப்பார். எந்தச் சட்டமும் உரிமையாளருக்கு இத்துணைப் பாதுகாப்பை அளித்ததில்லை. பின்னாளில் அந்நிறுவனம் கியரை இடக்காலுக்கு மாற்றியதைத் தொழில்நுட்ப வளர்ச்சி என்பர். குடும்ப அமைதி நோக்கில் அது பின்னடைவே.

பெட்ரோல்

இவ்வாய்வின் இதயப் பகுதி இதுவாகும். பாரியின் தேருக்குப் பெட்ரோல் தேவைப்படவில்லை என்பதும், அதனாலேயே அவன் வள்ளல் எனப் பெயர் பெற இயன்றது என்பதும் ஒரு கருதுகோளாக ஈண்டு முன்வைக்கப்படுகின்றன.

கார்புரேட்டர் பொருத்திய பைக்கில் பெட்ரோல் டேங்கின் அடியில் ஒரு சிறு குழாய்த் திருகு உண்டு. அது ஆன், ஆஃப், ரிசர்வ் என மூன்று நிலைகள் உடையது. ரிசர்வ் என்றதும் டேங்கினுள் வேறொரு சிறு டேங்கு இருப்பதாகப் பலரும் எண்ணுவர். அப்படி ஒன்று இல்லை. ஆன் நிலையில் பெட்ரோலை இழுக்கும் குழல் டேங்கின் அடியிலிருந்து சற்று உயர்ந்து நிற்கிறது. ரிசர்வ் நிலையில் இழுக்கும் துளை அடியோடு ஒட்டி இருக்கிறது. பெட்ரோல் மட்டம் உயர்ந்த குழலுக்குக் கீழே இறங்கியதும் வண்டி இருமி நிற்கும். ஓட்டுபவர் இடக்கையை இறக்கித் திருகைத் திருப்புவார். வண்டி மீண்டும் ஓடும். இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: திருகு ஆன் நிலையில் இருக்குமாயின், நின்றபின்னும் பங்க் வரை செல்ல வழி உண்டு என்பதே அது.

இரவலாளர் உடைக்கும் நம்பிக்கையும் இதுவே. அவர் செல்லும் வழியில் வண்டி இருமுகிறது; திருகை ரிசர்வுக்குத் திருப்புகிறார்; வேலையை முடிக்கிறார்; அதே நிலையில் கொண்டுவந்து சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டி, ஒரு தம்ளர் மோரும் குடித்துச் செல்கிறார். திருகு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. மறுநாள் காலை உரிமையாளர் அலுவலகம் செல்லும் வழியில், மேம்பாலத்தின் ஏற்றத்தில், வண்டி இருமுகிறது. அவர் இடக்கையை இறக்குகிறார். திருகு ஏற்கெனவே திரும்பியிருக்கிறது.

இந்நிலையில் செய்யத்தக்கன மூன்று. டேங்கின் அடிப்பகுதி வண்டிச் சட்டத்தின் இருபுறமும் இறங்கியிருப்பதாலும், திருகு பெரும்பாலும் இடப்புறமே அமைவதாலும், வலப்புறம் தங்கிய கடைசிப் பெட்ரோல் பயன்படாமல் கிடக்கும். வண்டியை இடப்புறமாக நன்றாகச் சாய்த்து நிமிர்த்தினால் அது இப்புறம் வந்து சேர்ந்து சிறிது தொலைவு ஓட உதவும். இரண்டாவது, மூடியைத் திறந்து வாயால் ஊதுதல்; இதன் பயன் ஐயத்துக்குரியது, காட்சி மட்டும் உறுதி. மூன்றாவது தள்ளுதல். இம்மூன்றையும் செய்துகொண்டிருக்கும்போது உரிமையாளர் உச்சரிக்கும் சொற்கள் அகராதித் துறையினரின் ஆய்வுக்கு உரியவை.

இங்ஙனம் நின்ற வண்டிகள் பற்றிய எழுத்துச் சான்று ஒன்றே ஒன்று கிடைத்துள்ளது. அது பட்டறை ஒன்றின் பற்று நோட்டு. நீல அட்டை, கோடு போட்ட தாள், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. இந்நோட்டில் "மா. வண்டி. ரி." என்னும் பதிவு மீண்டும் மீண்டும் வருகிறது (பற்று நோட்டு, ப. 3). 'ரி' என்பது ரிசர்வின் சுருக்கம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ரிப்பேர் என ஒருவர் எழுதியதை மற்றவர்கள் பொருட்படுத்தவில்லை. 'மா' என்பதில்தான் அறிஞருலகம் இரண்டாகப் பிளந்தது. மாமா என்பது ஒரு பள்ளி. அவ்வாறாயின் பதிவு உரிமையாளரைக் குறிக்கும், பணம் அவர் தலையில் விழும். மாப்பிள்ளை என்பது மறு பள்ளி. அவ்வாறாயின் பதிவு வாங்கிச் சென்றவரைக் குறிக்கும், பணம் வாராது. முதற்பள்ளியார் எழுத்தை அடுத்துள்ள சுழிப்பு இரண்டாவது 'மா'வின் தொடக்கமே என்பர் (பற்று நோட்டு, ப. 3, எண்ணெய்க் கறைக்கு மேல் இரண்டாம் வரி, ஒப்புநோக்குக: ப. 7, அடித்துத் திருத்திய பகுதி). மறுபள்ளியார் அது சுழிப்பே அன்று, ஸ்பார்க் பிளக்கைத் துடைத்த விரலின் தடம் என்பர் (மேற்படி நோட்டு, ப. 3, எண்ணெய்க் கறையின் தென்மேற்கு விளிம்பு, விரிவுக்குக் காண்க: பக்கத்துப் பஞ்சர்க் கடைச் சுவர், வடக்கு முகம், சுண்ணாம்பு அடிப்பதற்கு முந்தைய அடுக்கு, கரிக்கோடுகள் ஐந்தும் அவற்றின் குறுக்கே ஒன்றும், அச்சுவர் இடிக்கப்பட்டமையால் அதைப் பார்த்தவரின் நினைவும் துணைச்சான்றாகக் கொள்ளப்படும், அவர் அன்று டியூப் ஒட்டக் காத்திருந்தவராகலின்).

இவ்விரு பள்ளியாரும் நோட்டை நேரில் பார்த்ததில்லை. இரு சாராரும் கண்டது ஒரே நகலின் நகலையே. நோட்டை எழுதிய மெக்கானிக் இன்றும் அதே பட்டறையில் காலை ஒன்பது மணிக்குக் கதவைத் தூக்குகிறார். 'மா' என்றால் என்ன என்று அவரிடம் கேட்கலாமே என இளம் ஆய்வாளர் ஒருவர் மெல்லக் கூறியபோது, உயிரோடிருப்பவரின் கூற்று மூலபாட ஆய்வில் முதன்மைச் சான்று ஆகாது என இரு பள்ளியாரும் முதன்முறையாக ஒன்றுபட்டு அவரை அமர்த்தினர்.

இதற்கு நேர்மாறான நிலைமையையும் இங்கே கூறுதல் வேண்டும். கொடுக்கும்போதே வண்டி ரிசர்வில் இருக்க, வாங்கிச் சென்றவர் பங்கில் நிறுத்தி "அம்பதுக்குப் போடுங்க" என்று போட்டுக்கொள்வது உண்டு. இன்றைய விலையில் அது அரை லிட்டரை எட்டாது. அதிலும் பெரும்பகுதியை அவரே ஓட்டித் தீர்த்திருப்பார். ஆயினும் அந்த ஐம்பது ரூபாய் அழிவதில்லை. "வண்டில பெட்ரோலே இல்ல மாமா, நான்தான் போட்டேன்" என்னும் செய்தி அன்று மாலை அக்காவுக்கும், அடுத்து வரும் காதணி விழாவில் பந்தி முழுவதற்கும் சென்று சேரும். உரிமையாளரோ அதற்கு மறுமொழி கூற இயலாதவர். போன முறை தாம் தள்ளிய கதையைச் சொன்னால் அரை லிட்டருக்கு அலைபவர் என்ற பெயர் வரும். சொல்லாவிட்டால் அடுத்த முறையும் தள்ள வேண்டும். வண்டியில் விழும் கீறலோ தேயும் டயரோ அன்று, வாய்திறந்து கேட்க முடியாமையே இரவலின் உண்மையான செலவு. இதை ஒதுக்கிவிட்டுக் கொடுக்கலாமா கூடாதா எனக் கணக்குப் போடுவோர் தவறான நோட்டில் கணக்குப் போடுகின்றனர்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகளையொட்டிப் பெரும்பாலான வண்டிகள் ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறி, திருகு மறைந்து முள்ளும் திரையும் வந்துவிட்டமையால் இச்சிக்கல் தீர்ந்தது என்பாரும் உளர். தீரவில்லை. முன்பு அறியாமல் தள்ளியவர் இப்போது திரையில் கண் சிமிட்டும் விளக்கைப் பார்த்து அறிந்தே தள்ளுகிறார்.

மறுத்தல்

மறுப்புக்கு உரிய வாயில்கள் சிலவே. 'வண்டி சர்வீசுக்கு விட்டிருக்கு' என்பது வண்டியை மறைத்து வைக்க இடம் உள்ளவர்க்கே பயன்படும். 'இன்சூரன்ஸ் முடிஞ்சிருச்சு' என்பதற்கு, செக்கிங்கில் நிற்பவர் நம்மாளுதான் என்னும் மறுமொழி ஆயத்தமாக இருக்கும். 'சாவி அவகிட்ட இருக்கு' என்பது, கேட்பவர் அவளுடைய தம்பியாக இல்லாதவிடத்து மட்டும் செல்லும்.

இவற்றுள் தலைசிறந்ததாக நெடுங்காலம் மதிக்கப்பட்டது 'பிரேக் பிடிக்கல' என்பதாகும். கேட்பவரின் உயிர்மேல் கொண்ட அக்கறைபோல் ஒலிப்பதால் இதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை எனப் பலரும் எழுதியுள்ளனர். எழுதியவர்கள் இதனை ஒருமுறையேனும் மைத்துனரிடம் சொல்லிப் பார்த்தவர்களாகத் தோன்றவில்லை. "பிரேக்தான மாமா, நம்ம பட்டறையிலயே பாத்துடலாம்" எனச் சாவியை வாங்கிச் சென்ற அவர், யாதொரு குறையுமின்றி இருந்த பிரேக் ஷூவைக் கழற்றி மாற்றச் செய்து, வந்த வேலையையும் முடித்து, இருட்டியபின் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, இனிப் பயமில்லை என்றும் கூறிச் செல்வார். புதிய ஷூவுக்கும் கூலிக்குமான தொகை மேற்படி நோட்டின் அடுத்த பக்கத்தில், இம்முறை சுருக்கம் ஏதுமின்றி, உரிமையாளரின் முழுப்பெயரில் பற்று வைக்கப்பட்டுள்ளது.